பஸ் போர்டில் ஒரு வெண்பா: யாப்பு, ஓசை, மெய்ப்பாடு பற்றி ஓர் எளிய அறிமுகம்

பத்தாம் வகுப்பில் ‘அலகிட்டு வாய்பாடு எழுதுக’ என்று ஒரு கேள்வி வரும். எனக்கு அதில் மதிப்பெண் குறைந்ததே இல்லை. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, சீர், அசை, வாய்பாடு என்று மூன்று பத்தி பிரித்து, கணக்குப் பாடம் மாதிரி நிரப்பிவிடுவேன். அந்தக் கட்டத்துக்குள் ஒரு குரல் இருக்கிறது, அது யாரையோ பார்த்து எதையோ சொல்கிறது என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. பாட்டை வாய்விட்டுப் படிக்காமலே முழு மதிப்பெண் வாங்க முடிந்தது என்பதுதான் இதில் வேடிக்கை.

அதனால்தான் இதைப் பற்றிப் பேசும்போது ஆளுக்கொன்று சொல்கிறோம். எதுகை மோனை இருந்தால் மரபுக்கவிதை என்கிறார் ஒருவர். யாப்பு என்றால் எழுத்தை எண்ணுவது என்கிறார் இன்னொருவர். ‘இந்தக் கவிதையின் உணர்வு என்ன?’ என்று கேட்டால் ‘சோகம்’ என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறோம். மூன்றுமே பாதி சரி, பாதி தவறு.

‘காரிகை கற்றுக் கவி பாடுவதைவிடப் பேரிகை கொட்டிப் பிழைப்பது நன்று’ என்று ஒரு பழைய கிண்டல் உண்டு. காரிகை என்பது யாப்பருங்கலக் காரிகை, யாப்பு கற்பவர்களை மிரட்டிய இலக்கணப் புத்தகம். எனக்கென்னவோ காரிகையைப் புரிந்துகொள்ளவே கொஞ்சம் பேரிகை கொட்டத் தெரிய வேண்டும் என்று தோன்றுகிறது. மேசை மேல் விரல் போதும்.

அசை: துணை தேடும் குறில்

யாப்பு என்றால் கட்டுதல். சொற்களை ஓர் ஓசைக்குள் கட்டும் முறை. அந்தக் கட்டின் மிகச் சிறிய துண்டுதான் அசை. இரண்டே வகை: நேர், நிரை.

இதைப் பள்ளியில் எட்டு வகையாகப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். உண்மையில் ஒரே ஒரு பழக்கத்தைக் கவனித்தால் போதும். குறில் எழுத்துக்குத் தனியாக நிற்கப் பிடிக்காது. அடுத்து ஓர் உயிர் எழுத்தோ உயிர்மெய்யோ வந்தால், அது குறிலானாலும் நெடிலானாலும், கையைப் பிடித்துக்கொள்ளும். அப்படிச் சேர்ந்தால் நிரை. அடுத்து புள்ளி வைத்த எழுத்து வந்தால் அதோடு முடிந்துவிடும், அது நேர். சீரின் கடைசியில் பிடிக்க ஆளே இல்லாமல் தனியாக நின்றுவிட்டாலும் நேர்தான். நெடிலுக்கு இந்தக் கவலை இல்லை. முன்னால் ஒரு குறில் வந்து கையைப் பிடிக்காதவரை அது தனி ஆள், நேர். புள்ளி எழுத்துகள் முன்னால் இருக்கும் அசையோடு ஒட்டிக்கொள்ளும், கணக்கில் வராது.

‘அகர’ என்று சொல்லிப் பாருங்கள். ‘அ’, ‘க’வைப் பிடித்துக்கொள்கிறது: நிரை. ‘ர’வுக்கு யாரும் மிச்சமில்லை: நேர்.

இப்போது மேசை. நேர் வந்தால் ‘டம்’ என்று ஒரு தட்டு. நிரை வந்தால் ‘தடம்’ என்று அடுத்தடுத்து இரண்டு. ‘அகர’ என்பது ‘தடம் டம்’. இலக்கண ஆசிரியர்கள் இதைப் பார்த்து முகம் சுளிக்கலாம். பழகும்வரை இது உதவும்.

சீர்: பஸ் ஸ்டாண்டில் ஒரு பயிற்சி

அசைகள் சேர்ந்தது சீர். ஏறக்குறைய ஒரு சொல் அளவு இருக்கும். ஆனால் சொல்லும் சீரும் ஒன்றல்ல. இதைப் பின்னால் பார்க்கப் போகிறோம்.

இரண்டு அசை சேர்ந்தால் நான்கு சேர்க்கைகள்தான் முடியும். அவற்றுக்குச் செடி, மரங்களின் பெயரை வைத்திருக்கிறார்கள்: தேமா, புளிமா, கூவிளம், கருவிளம். இந்தப் பெயர்களில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. பெயரைத் தட்டிப் பார்த்தாலே அது எந்தச் சேர்க்கை என்று தெரிந்துவிடும். தே-மா: டம் டம். புளி-மா: தடம் டம். கூ-விளம்: டம் தடம். கரு-விளம்: தடம் தடம். இவற்றோடு மூன்றாவதாக ஒரு நேர் சேர்ந்தால் ‘காய்’, நிரை சேர்ந்தால் ‘கனி’. தேமாங்காய் என்றால் டம் டம் டம்.

பழக எனக்குக் கைகொடுத்தது பஸ் போர்டுகள்தான். சென்னை: டம் டம், தேமா. மதுரை: தடம் டம், புளிமா. ஆரணி: டம் தடம், கூவிளம். சிதம்பரம்: தடம் தடம், கருவிளம். தஞ்சாவூர், யாழ்ப்பாணம் இரண்டும் தேமாங்காய். காரைக்குடி தேமாங்கனி. கும்பகோணத்தில் பலரும் சறுக்குவார்கள். ‘கும்’ நேர், அடுத்து வரும் ‘ப’ சும்மா இருக்காது, ‘கோ’வைப் பிடித்துக்கொள்ளும். கும்-பகோ-ணம்: டம் தடம் டம். கூவிளங்காய். பத்து நாள் பஸ்ஸுக்கு நின்றால் அலகிடுதல் தானாக வந்துவிடும்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: எழுத்து சேர்ந்து அசை, அசை சேர்ந்து சீர். அசை இரண்டு வகை. சீரை அதன் மரப்பெயரால் அழைக்கிறோம்.

தளை: பெட்டிகளுக்கு நடுவில் இருக்கும் கொக்கி

ரயிலில் பெட்டிகள் ஒன்றுபோல இருந்தாலும் இருக்கும், வேறாக இருந்தாலும் இருக்கும். அது ரயிலாக ஓடுவது நடுவில் உள்ள இணைப்பால். யாப்பில் அந்த இணைப்புக்குப் பெயர் தளை. ஒரு சீர் எந்த அசையில் முடிகிறது, அடுத்த சீர் எந்த அசையில் தொடங்குகிறது, இந்தச் சந்திப்பைத்தான் தளை என்கிறோம். எழுத்தை எண்ணுவதால் யாப்பு பிடிபடாது என்று சொன்னேனே, அதற்குக் காரணம் இதுதான். பாட்டின் ஓசை சீருக்குள் இருப்பதைவிட சீர்களுக்கு நடுவில் அதிகம் இருக்கிறது.

வெண்பாவின் தளை விதியை மேசை மொழியில் சொல்லிவிடலாம். ‘டம்’மில் முடிந்தால் அடுத்தது ‘தடம்’மில் தொடங்க வேண்டும். ‘தடம்’மில் முடிந்தால் அடுத்தது ‘டம்’. எப்போதும் மாற்றி மாற்றி. ஒரு விலக்கு: மூன்றசைக் காய்ச்சீர் வந்தால் அதை அடுத்து ‘டம்’. கனிச்சீர் வெண்பாவுக்குள் வரக்கூடாது. காரைக்குடிக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

சீர்கள் தொடர்ந்து நின்றால் அடி. குறள் வெண்பாவில் முதல் அடிக்கு நான்கு சீர், இரண்டாவதற்கு மூன்று. கடைசிச் சீர் மட்டும் சின்னது, ஓர் அசை அளவு. தேவைப்பட்டால் அதன் மேல் ஓர் உகரம் ஒட்டிக்கொள்ளலாம்.

சரி, பஸ் ஸ்டாண்டிலேயே ஒரு வெண்பா கட்டிவிடுவோம்.

மதுரை திருச்சி சிதம்பரம் சென்னை
புதுவை பழனிக்கும் போ.

தட்டிப் பாருங்கள். தடம் டம், தடம் டம், தடம் தடம், டம் டம். தடம் டம், தடம் டம் டம், டம். எங்கும் இடறவில்லை. எதுகையும் இருக்கிறது: இரண்டு அடியிலும் முதல் சொல்லின் இரண்டாம் எழுத்து ‘து’. மோனையும் இருக்கிறது, அதாவது முதல் எழுத்துகளின் ஒற்றுமை: புதுவை, போ. இலக்கணப்படி குறை சொல்ல ஒன்றுமில்லாத குறள் வெண்பா. புதுவையிலிருந்து பழனிக்குத் திரும்பிப் போகச் சொல்கிறதே என்று கேட்காதீர்கள்.

சென்னையை மட்டும் நகர்த்தி, ‘மதுரை சென்னை திருச்சி சிதம்பரம்’ என்று படியுங்கள். மதுரை ‘டம்’மில் முடிய, சென்னை ‘டம்’மில் தொடங்குகிறது. கொக்கி கழன்றுவிட்டது. காது பழகியவருக்கு அந்த இடத்தில் படியில் கால் தவறியது போலிருக்கும்.

இந்தப் பஸ் வெண்பாவில் யாப்பு இருக்கிறது, எதுகை மோனை இருக்கிறது, கவிதை இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

ஒரே அச்சில் இரண்டு குரல்கள்

திருக்குறளில் 1330 பாட்டுகள், எல்லாமே குறள் வெண்பா. யாப்புதான் உணர்வைத் தருகிறது என்றால் 1330ம் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கலாம். முதலாவது ‘கல்வி’ அதிகாரத்தில் இருப்பது.

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக.

டம் டம், தடம் தடம், டம் தடம், டம் தடம். டம் டம், தடம் டம், தடம். ஒரு காய்ச்சீர்கூட இல்லை, எல்லாம் சிறிய அடிகளாக எடுத்து வைக்கும் நடை. ‘பவை’யில் உள்ள ஐகாரத்தை விட்டால் நெடில் ஓசை எங்குமே இல்லை. க, ட, ற, த என்று நாக்கு தட்டித் தட்டிப் போகிறது.

எதுகையைப் பாருங்கள்: கற்க, நிற்க. இரண்டும் கட்டளைகள், இரண்டும் அடியின் முதல் இடத்தில். படி, அதன்படி நில் என்ற இரண்டையும் பிரிக்க முடியாது என்பதுதான் குறளின் கருத்து. அந்த இரண்டு சொற்களையும் ‘ற்க’ என்று ஒரே ஓசை பிணைத்திருக்கிறது. பஸ் வெண்பாவில் ‘து’ வெறும் அலங்காரம். இங்கே எதுகை பொருளின் வேலையைச் செய்கிறது. கடைசியில் ‘தக’ என்று வெட்டினாற்போல் நிற்கிறது. விளக்கம் இல்லை, கெஞ்சல் இல்லை.

அடுத்தது ‘பிரிவாற்றாமை’ அதிகாரத்தின் முதல் குறள், 1151. பிரிந்து போகப் போகும் காதலனிடம், காதலியின் பக்கத்திலிருந்து வரும் பேச்சு.

செல்லாமை உண்டேல் எனக்குரை மற்றுநின்
வல்வரவு வாழ்வார்க் குரை.

‘போகவில்லை என்றால் என்னிடம் சொல். சீக்கிரம் வந்துவிடுவேன் என்பதை, நீ வரும்போது உயிரோடு இருப்பவர்களிடம் சொல்.’

அதே அச்சு, அதே தளை. ஆனால் தட்டிப் பாருங்கள்: டம் டம் டம், டம் டம், தடம் தடம், டம் தடம், டம் தடம் டம், டம் டம், தடம். இரண்டு அடிகளும் மூன்றசைச் சீரோடு தொடங்குகின்றன. எடுப்பிலேயே ஒரு கனம். எதுகை பிணைப்பது எவற்றை என்று பாருங்கள்: செல்லாமை, வல்வரவு. போகாமல் இருப்பது, போய்ச் சீக்கிரம் வருவது. அவள் முன்னால் அவன் வைத்திருக்கும் இரண்டு வழிகளும் இவைதான்.

எனக்குப் பிடித்த இடம் முதல் அடியின் முடிவு. மூன்றாம் சீரிலேயே ஒரு வாக்கியம் முடிந்துவிடுகிறது: ‘எனக்குரை’. நான்காம் சீரில் அடுத்த பேச்சு தொடங்கி, ‘மற்றுநின்’ என்று நிற்கிறது. ‘மற்றபடி, உன்னுடைய...’ உன்னுடைய என்ன? அடி முடிந்துவிட்டது. ‘வல்வரவு’ என்ற சொல்லுக்கு அடுத்த அடிவரை காத்திருக்க வேண்டும். தொண்டை அடைத்து, எச்சில் விழுங்கிப் பேசுகிறவரின் இடைவெளி அது. குறளை உரையில் மட்டும் படிப்பவர்களுக்கு இந்த இடைவெளி கிடைக்காது.

‘வாழ்வார்க் குரை’ என்பதில் புதியவர்கள் குழம்புவார்கள். நாய் குரைப்பதாக நினைத்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. பொருளுக்குப் பிரித்தால் ‘வாழ்வார்க்கு உரை’. ஓசைக்குப் பிரித்தால் ‘வாழ்வார்க் குரை’. சொல்லும் சீரும் ஒன்றல்ல என்று முன்பு சொன்னது இதைத்தான். அலகிடும்போது ஓசைப்படி பிரியுங்கள், பொருள் தேடும்போது சொற்படி பிரியுங்கள்.

மெய்ப்பாடு: பாத்திரம் வைக்கும் சத்தம்

வீட்டில் அம்மாவிடம் ‘என்னம்மா ஆச்சு?’ என்று கேட்கிறோம். ‘ஒண்ணுமில்லை’ என்கிறார். சொல்லிக்கொண்டே கையிலிருக்கும் பாத்திரத்தை ‘டங்’கென்று வைக்கிறார். சொன்ன செய்தி ஒன்றுமில்லை என்பது. வெளிப்பட்ட உணர்வு அந்தச் சத்தத்தில் இருக்கிறது.

உள்ளே இருப்பது உடம்பிலும் குரலிலும் இப்படி வெளியே தெரிவதைத்தான் மெய்ப்பாடு என்கிறோம். மெய்யில் படுவது. தொல்காப்பியம் எட்டு சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்றும் நான்கு நான்காகப் பிரித்துச் சொல்கிறது. அழுகைக்கு: இழிவுபடுத்தப்படுவது, இழப்பது, முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்வது, வறுமை. ‘இந்தக் கவிதை சோகமானது’ என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடுகிறவர்களுக்கு இந்த நான்கைக் காட்ட வேண்டும். எந்தச் சோகம்?

1151க்கு வருவோம். அவள் அழவில்லை. ‘நீ போனால் செத்துவிடுவேன்’ என்று எங்கும் சொல்லவில்லை. ‘வாழ்பவர்களிடம் சொல்’ என்கிறாள். அந்த வாழ்பவர்களின் பட்டியலில் தன் பெயர் இல்லை என்பதை அவன் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். மேலே வெகுளி, அடியில் அச்சம் என்று நான் படிக்கிறேன். வெறும் அழுகை என்று எழுதினால் அந்தக் குத்தல் காணாமல் போய்விடும்.

யார் பேசுகிறார்கள் என்பதும் முக்கியம். இது தலைவியின் பேச்சு என்று கொள்பவர்கள் உண்டு. அவளுக்காகத் தோழி பேசுகிறாள் என்று கொள்பவர்களும் உண்டு. தோழி என்று வைத்துக்கொண்டு மறுபடி படியுங்கள். அச்சம் பின்னால் போய், ‘என்ன மனுஷன் நீ’ என்ற கண்டிப்பு முன்னால் வந்துவிடும். ஓர் எழுத்துகூட மாறவில்லை.

இதுவரை: யாப்பு அச்சு; எந்தச் சொல் அதில் எந்த இடத்தில் விழுகிறது என்பது கவிஞரின் தேர்வு; யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று தெரிந்தால்தான் மெய்ப்பாடு பிடிபடும்.

ஒலியை நம்பலாம், ரொம்ப நம்பக்கூடாது

கொஞ்சம் பழகியதும் எல்லோரும் ஒரு பள்ளத்தில் விழுவார்கள். வல்லின எழுத்து வந்தால் கோபம், மெல்லினம் இடையினம் என்றால் மென்மை என்று சூத்திரம் போட ஆரம்பிப்பார்கள். நானும் போட்டிருக்கிறேன். ‘துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத் துப்பாய தூஉம் மழை’ என்ற குறள் அந்தச் சூத்திரத்தை உடைத்துவிடும். வாயில் வல்லினம் வெடிக்கிறது. பொருளோ மழையைப் போற்றுவது: உண்பவர்க்கு உணவை விளைவித்துத் தந்து, தானும் அவர்களுக்கு உணவாவது மழை. கோபம் எங்கே இருக்கிறது? கூரையில் விழும் துளிகளின் சத்தம் கேட்கிறது என்பார்கள் சிலர். மழை என்ற சொல்லை மறைத்துவிட்டுப் படித்தால் அது கேட்குமா என்பது சந்தேகம். ஒலி ஓர் உணர்வை உண்டாக்குவதில்லை. பொருள் காட்டிய உணர்வுக்குப் பலம் சேர்க்கும், அவ்வளவுதான்.

அகவல்: ஒன்றின் பின் அதுவே

வெண்பாவின் ஓசையைச் செப்பல் என்பார்கள். செப்பு என்றால் சொல், விடை. எதிரில் இருப்பவரிடம் எடுத்துச் சொல்லும் நடை. ஆசிரியப்பாவின் ஓசை அகவல். மயில் அகவுவது, குறி சொல்லும் அகவன் மகள் பாடி அழைப்பது, எல்லாம் அந்தச் சொல்தான். சங்கப் பாட்டுகளில் பெரும்பாலானவை இந்தப் பாவில் அமைந்தவை. குறுந்தொகையின் 40ஆம் பாட்டு:

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே.

என் தாயும் உன் தாயும் யார் யாரோ. என் தந்தையும் உன் தந்தையும் எந்த வகையில் உறவு. நானும் நீயும்தான் எப்படி அறிந்தோம். செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் போல அன்புள்ள நெஞ்சங்கள் கலந்துவிட்டன.

முதல் அடியைத் தட்டுங்கள்: டம் டம், டம் டம், டம் டம், தடம் டம். ‘டம்’மில் முடிந்ததும் மறுபடி ‘டம்’. வெண்பாவில் இது பிழை. அகவலுக்கு இதுதான் இயல்பு: எதில் முடிந்ததோ அதிலேயே அடுத்ததும் தொடங்குவது. பிற தளைகளும் கலந்து வரும், வெண்பாவைப் போல முரண்டு பிடிக்காது. வெண்பா இடது வலது என்று கால் மாற்றி நடக்கிறது என்றால், இது ஒரே கடலலை திரும்பத் திரும்ப வருவது போல. என் தாய் உன் தாய், என் தந்தை உன் தந்தை, நான் நீ என்று ஒரே அமைப்பு மூன்று முறை வரும் பேச்சுக்கு அந்த அலை எவ்வளவு பொருத்தம்!

நான்காம் அடியை எண்ணுங்கள். மற்ற அடிகளில் நான்கு சீர், இதில் மூன்றுதான். இது கவிஞர் கண்டுபிடித்த புதுமை ஒன்றுமில்லை; நேரிசை ஆசிரியப்பா என்ற வகையில் கடைசிக்கு முந்தைய அடி இப்படிக் குறைந்துதான் வர வேண்டும். அந்தக் குறைந்த அடிக்குள் எதை வைப்பது என்பதுதான் கவிஞரின் கையில் இருக்கிறது. இவர் உவமையை வைத்தார். ‘செம்புலப் பெயனீர் போல’ என்று சொல்லி, ஒரு சீர் அளவு மௌனம். செம்மண்ணில் தண்ணீர் இறங்கி நிறம் மாறுவதற்குக் கொடுத்த நேரம் மாதிரி. அப்புறம்தான் ‘அன்புடை நெஞ்சம்’ வருகிறது. கவிஞரின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. இந்த உவமையை வைத்து அவரைச் செம்புலப்பெயனீரார் என்றே அழைத்துவிட்டார்கள்.

இனிய காதல் பாட்டு, உவகை என்று எழுதத் தோன்றும். பாட்டின் அடியில் இருக்கும் பழைய குறிப்பைப் படித்தால் கை தயங்கும். முதல் முறை கூடியபின், இவன் விட்டுப் பிரிந்துவிடுவானோ என்று அவள் அஞ்சுகிறாள். அவள் முகம் மாறியதைக் கண்டு அவன் சொன்னது இது. அதாவது அச்சம் அவளிடம் இருக்கிறது, பாட்டில் அவள் வாயே திறப்பதில்லை. ‘கலக்கும்’ என்று அவன் சொல்லவில்லை, ‘கலந்தனவே’ என்று முடிந்துபோன காரியமாகச் சொல்கிறான். செம்மண்ணில் விழுந்த நீரை இனி யார் பிரிப்பது? அவன் பேசுவது அவள் முகத்துக்குப் பதில்.

சீர் இல்லாத இடத்தில்

புதுக்கவிதைக்குத் தளை இல்லை. அதனால் வடிவமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ‘பஸ் கிளம்பிப் போன பிறகும் அப்பாவின் கை அசைந்துகொண்டிருக்கிறது’ என்பது ஒரு வாக்கியம். அதை இப்படிப் போடுகிறேன்:

பஸ் கிளம்பிப் போன பிறகும்
அப்பாவின் கை
அசைந்துகொண்டிருக்கிறது.

‘அப்பாவின் கை’ என்ற இரண்டு சொற்களுக்கு ஒரு வரி முழுவதும் கிடைத்துவிட்டது. ‘மற்றுநின்’ நின்ற இடமும், ‘போல’வுக்குப் பிறகு வந்த மௌனமும் தளை விதிக்குள் கிடைத்தவை. இங்கே அதே இடைவெளியை வரியை முறித்து வாங்க வேண்டியிருக்கிறது. ‘அப்பாவின்’ என்பதோடு முறித்து, ‘கை’யை அடுத்த வரிக்குத் தள்ளியும் பார்த்தேன். ‘கை அசைந்துகொண்டிருக்கிறது’ என்று ஒட்டிக்கொண்டு, பஸ்ஸைப் பார்த்து யாரோ வெறுமனே டாட்டா காட்டுவது போல ஆகிவிட்டது. மறுபடி பழைய இடத்திலேயே முறித்துவிட்டேன்.